சேட்டைக் கழற்றும் இடங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு முதன்முதலில் பச்சை குத்தியது வைத்தியசாலைதான். 2021 கடைசியில் ஒரு நாள், புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சைக்கு அளவெடுக்கவென்று மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் நடுவில் ஒன்று, இரண்டு விலாப்பக்கமும் ஒவ்வொன்று என மூன்று கறுத்தப் புள்ளிகளை வைத்தார்கள். தோலில் ஒரு துளி மையை விட்டு ஊசி நுனியால் குத்துவது. குண்டூசித் தலையளவுதான் வரும். ஒவ்வொரு நாளும் ஆளை அதே கிடையில் கிடத்தி, அதே இடத்தில் கதிரை விழுத்த அந்தப் புள்ளிகள்தான் அடையாளம். பேனாக் கோடு போட்டு மேலே ஒட்டுத்தாள் ஒட்டுகிற இடங்களும் உண்டு. இவருக்கு ஊசி. அது அழியாது என்று யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் ஏறவில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கதிர் பட்ட தோலை! கேட்டபோது எனக்கே உடம்பு கூசியது.

நான் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்பவள். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களோடும் அவர்களுடைய வீட்டாரோடும் கதைப்பது என் வேலையில் ஒரு பங்கு. இந்த ஆய்வில் வருபவர் எழுதச் சம்மதித்திருக்கிறார், வாசித்தும் பார்த்திருக்கிறார். பெயர் போடவில்லை. ஊரையும் சொல்லவில்லை. தொழிலை மாற்றலாமா என்று கேட்டேன், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலை மாற்றினால் கதையே இல்லை என்றார். அது சரிதான். அவர் ஒரு தச்சர்.

நோய் பற்றிச் சுருக்கமாக. 2020 நடுப்பகுதியில், 52 வயதில், இடது முலைக்காம்புக்குக் கீழே ஒரு கட்டி. நோவில்லை. பலகை தூக்கும்போது இடித்தது என்று நினைத்து எட்டு மாதம் விட்டுவிட்டார். காம்பு உள்ளே இழுபடத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போனார். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். நூறு நோயாளிகளில் ஏறத்தாழ ஒருவர் ஆண். குறைவாக வருவதால் யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் பிந்தித்தான் பிடிபடுகிறது. 2021 பங்குனியில் சத்திரசிகிச்சை: இடது மார்பை முழுதாக எடுத்து, அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். கார்த்திகையில் 15 தடவை கதிர். அதன் பிறகு, நோய் திரும்பி வராமலிருக்க, தினம் ஒரு தமொக்சிஃபென் குளிசை, ஐந்து வருடத்துக்கு. ஆணுக்கு இந்த நோய் வந்தால் பரம்பரை அலகுப் பரிசோதனை பற்றி வீட்டாரும் யோசிக்க வேண்டும். பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் வரும் பழுது இதற்கு ஒரு தெரிந்த காரணம். கனடாவில் இருக்கும் மகளுக்கு இதைச் சொல்ல அவருக்கு மூன்று மாதம் பிடித்தது.

என்னிடம் வந்தது 2022 ஆனியில். பெற்றோல் வரிசை நாட்கள். சைக்கிளில் வந்தார், மனைவி பின்னால் இருந்தார். வந்த காரணம் நித்திரையின்மை. நோயைப் பற்றிக் கேட்டால் "நெஞ்சில ஒரு கட்டி, எடுத்தாச்சு" என்பதோடு முடிந்துவிடும். சொந்தக்காரருக்கும் பட்டறைப் பெடியன்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். மார்பகம் என்ற சொல்லை அவர் என் முன்னால் சொன்னது நான்காவது சந்திப்பில். அதுவும் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்லும்போது. வாங்கு முழுக்கப் பெண்கள். நடுவில் இவரும் மனைவியும். கிளினிக் கொப்பியை மனைவிதான் மடியில் வைத்திருப்பார். பக்கத்தில் இருந்தவர்கள் மனைவியிடம் "உங்களுக்கு எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்பார்களாம். மனைவியும் ஒவ்வொரு முறையும் "இடது" என்று சொல்லிவிடுவாராம்.

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

நித்திரையை விட்டுவிட்டு வேறொரு கணக்கைப் போடத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண் பிள்ளை எங்கெல்லாம் சேட்டில்லாமல், வெறும் மேலோடு நிற்பான்? கிணற்றடி. வேலைத்தலம், அதுவும் சித்திரை வைகாசி வெயிலில் பட்டறைத் தகரத்துக்குக் கீழே. கோயில். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணி. இந்த நான்கிலும் இவர் முன்பு சேட்டில்லாமல் நின்றவர். இப்போது நான்கும் இல்லை. குளிப்பு அறைக்குள் போய்விட்டது. பட்டறையில் பொத்தான் முழுக்கப் பூட்டின சேட்டு, அது வேர்வையில் ஊறி முதுகில் ஒட்டிக் கிடக்கும். தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கீரிமலைக்குப் போகவில்லை. நல்லூருக்கும் போகவில்லை.

நல்லூரைப் பற்றி வெளியூர் வாசகருக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையோடு போக முடியாது. மந்திரியானாலும் மூட்டை தூக்குபவரானாலும் வாசலில் சேட்டு கழலும். திருவிழா 25 நாள். இவர் இளவயதிலிருந்தே வெளிவீதி மணலில் பிரதட்டை பண்ணுகிறவர், அதாவது வெறும் நெஞ்சு மணலில் உரச உருண்டு வருவது. 2022 திருவிழாவில் ஒரு நாள் வாசல்வரை போய், தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "சேட்டைக் கழட்டினா எல்லாரும் சாமியைப் பாக்காமல் என்னைப் பாப்பினம்" என்றார். மிகைதான். ஆனால் முழுக்க மிகை இல்லை. நெஞ்செலும்பிலிருந்து அக்குள்வரை ஒரு சாண் நீளக் கோடு, காம்பில்லாத தட்டையான பக்கம், கதிர் பட்டுக் கறுத்துத் தடித்த தோல். பக்கத்தில் நிற்பவன் ஒருமுறை பார்ப்பான், பிறகு பார்க்காதது போலப் பார்ப்பான்.

இந்த மண்ணில் தழும்புக்கு வேறொரு பழக்கமும் உண்டு. இவருடைய வலது முழங்கையில் 1990-ல் கோட்டைச் சண்டைக் காலத்தில் பட்ட செல் துண்டின் வடு இருக்கிறது. பிறகு வந்த வருடங்களில் சோதனைச் சாவடிகளில் கையை நீட்டச் சொன்னபோதெல்லாம் அந்த வடுவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வைத்தியசாலைத் துண்டை பொலித்தீன் பையில் போட்டு அடையாள அட்டையோடு கொண்டு திரிந்தவர். வடுவைக் கண்டால் கேள்வி வரும், கேள்விக்கு நல்ல பதில் இல்லையென்றால் ஆள் வீடு வந்து சேராது. எங்களுடைய தலைமுறைக்கு இது உடம்பில் ஏறிப்போன பாடம். நெஞ்சுத் தழும்பை அவர் மறைத்த விதத்தில் இந்தப் பழைய பயத்துக்கும் பங்கிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

பச்சை குத்தும் யோசனை கனடாவிலிருந்து வந்தது. மகள் தொலைபேசியில் படங்கள் அனுப்பினாள்: மார்பெடுத்த பெண்கள், தழும்பின்மேல் கொடியும் பூவும் பறவையும். மேற்கே இதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் வயது. அமெரிக்கக் கவிஞர் டீனா மெட்ஸ்கர் 1970களின் கடைசியில் தன் மார்புத் தழும்பின்மேல் பச்சை குத்தி, கைகளை விரித்து நின்ற படம் சுவரொட்டியாகவே பரவியது. இன்னொரு வழியும் உண்டு. மேரிலாந்தின் வின்னி மையர்ஸ் போன்றவர்கள், போன முலைக்காம்பையே நிழலும் ஒளியும் வைத்து உண்மைபோல வரைந்து கொடுப்பவர்கள். இவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "உந்தப் படங்களில ஒரு ஆம்பிளையையும் காணேல்லையே பிள்ளை?"

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். ஆணென்றபடியால் பூவும் கொடியும் வேண்டாம், பழைய உருவத்தைத்தான் திரும்பக் கேட்பார் என்று நானே முடிவு கட்டி, காம்பு வரையும் முறையைப் பெரிதாக விளக்கினேன். படமும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு உது என்னத்துக்குப் பிள்ளை, பால் குடுக்கவோ?" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்த நிகழ்வின் திறப்பு. தழும்பைப் பார்த்தால் சனம் பாவப்படும். பச்சையைப் பார்த்தால் ஏசும். "பாவம் எண்டு பாக்கிறதைவிட, இவனுக்கு என்ன விசரோ எண்டு பாக்கட்டும்." அவர் தழும்பை மறைக்கக் கேட்கவில்லை. பார்ப்பவன் கேட்கும் கேள்வியை மாற்றக் கேட்டார். நோயாளி என்று முடிவுகட்டிய கண்ணுக்கு அவரிடம் பதில் இல்லை. விசரன் என்று பார்க்கும் கண்ணுக்குப் பதில் சொல்ல அவரால் முடியும். வாய்க்காரர்தான்.

மனைவிக்கு விருப்பமில்லை. "பேரப்பிள்ளை பாக்கிற வயசில பச்சையோ?" என்பது வெளியில் சொன்ன காரணம். தனியாகக் கதைத்தபோது வேறொன்று வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு குழாயில் வடிந்ததை அளந்து ஊற்றியவர் அவர், புண்ணைத் துடைத்தவர் அவர். அன்றிலிருந்து அந்த நெஞ்சை வைத்தியர்களைத் தவிர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அது ஊருக்குப் பொதுவாகப் போகப்போகிறது. இதை ஒரு மனக்குறை என்று அவர் சொல்லவில்லை. நானும் அதற்குப் பெயர் வைக்கப் போகவில்லை.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடம்பே துணை நின்றது. தழும்பு வெளியில் ஆறினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் போட்ட கொலாஜன் இழைகளை உடம்பு பிரித்துப் பிரித்துத் திரும்ப அடுக்கும். அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். எவ்வளவு ஆறினாலும் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வராது. சிவந்தும் தடித்தும் அரித்துக்கொண்டும் இருக்கிற தழும்பில் ஊசி வைக்கக்கூடாது. வெளிறி, தட்டையாகி, தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். கதிர் பட்ட தோல் அதிலும் மோசம்: சிறு இரத்தக் குழாய்கள் பழுதுபட்டிருக்கும், காயம் மெல்லத்தான் ஆறும். எங்களுடைய நிறத் தோலில் இன்னொரு கவலை, தழும்பு எல்லை மீறி வளர்ந்து கட்டியாகிவிடுவது. நெஞ்செலும்புப் பகுதி அதற்குப் பேர்போனது. இவருக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. தோளில் சின்ன வயதுத் தடுப்பூசித் தழும்பு, முழங்கையில் செல் வடு. இரண்டும் தட்டையாக இருந்தன. சோதனைச் சாவடியில் முப்பது வருடம் பாரமாக இருந்த வடு இந்த ஒருமுறை அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னது.

2023 சித்திரையில் புற்றுநோய் வைத்தியரிடம் மூவருமாகப் போனோம். ஏசுவார் என்று நினைத்தோம், ஏசவில்லை. நிபந்தனைகள் வைத்தார். அக்குளுக்குள்ளும் இடது கையிலும் ஒரு புள்ளியும் கூடாது. நிணநீர்க் கணு எடுத்த கை, சின்னக் கிருமி போனாலும் வீங்கி நிரந்தரமாகிவிடலாம். சீனி கட்டுக்குள் இருக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை சரியாக வர வேண்டும். பச்சை குத்தியதைக் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். மையின் ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்த் தங்கும், பின்னால் யாராவது ஸ்கானில் அதைக் கண்டு வேறொன்றென்று மிரளக்கூடாது. நான்காவதுதான் படத்தையே தீர்மானித்தது. தோலை மூடும் கறுப்பு நிரவல் கூடாது. நோய் திரும்பி வந்தால் தழும்பைச் சுற்றிய தோலில்தான் சிறு கட்டியாகவோ தடிப்பாகவோ முதலில் தெரியக்கூடும். அதைப் பார்க்க எனக்குத் தோல் வேண்டும் என்றார் வைத்தியர். கதிர்ச் சிகிச்சையின் மூன்று புள்ளிகளையும் அழிக்கவோ மூடவோ வேண்டாம், எங்கே கதிர் விழுந்தது என்பதற்கு அவை அடையாளம் என்றும் சொன்னார்.

கடை தேடியதில் ஒரு கசப்பான நாள் உண்டு. நகரத்தில் நாங்கள் முதலில் போன இடத்தில் கடிதத்தை வாசிக்கவே இல்லை. "நாளைக்கே செய்யலாம் அங்கிள்" என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கையில், வேறொரு பெடியனுக்கு நிழல் போடுவதற்காகக் கறுப்பு மையில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார் ஒருவர். 2011-ல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டரில், முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் மையில் இருந்த மைகோபக்டீரியம் செலோனே என்ற கிருமியால் 19 பேருக்குத் தோல் தொற்று வந்தது. அது மூடி முத்திரையிட்டு வந்த போத்தல். இது யாழ்ப்பாணத்துக் குழாய்த் தண்ணீர். கதிர் பட்ட தோலில் இப்படி ஒரு தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியிருக்கவில்லை. அவரே எழும்பி நடந்துவிட்டார். கல்யாண வீடுகளில் பிள்ளைகளுக்குக் கறுப்பு மருதாணி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையான மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. கறுப்பு வருவது தலைச்சாயத்தில் போடும் ஓர் இரசாயனத்தால், அது தோலைக் கொப்புளிக்க வைக்கும். இந்த நிகழ்வுக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இரண்டாவது ஆள் இருபத்தெட்டு வயதுத் தம்பி. கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். கையுறை போட்டுத் தழும்பை விரலால் தடவி, எங்கே தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது, எங்கே நகர்கிறது என்று பார்த்தார். "ஐயா, நேர்கோடு கேட்டா நான் செய்ய மாட்டன். எழுத்தும் வேண்டாம், முகமும் வேண்டாம். தழும்பு எல்லாத்தையும் கோணலாக்கிப் போடும்" என்றார். இவர் மனதில் இருந்தது வேல். அது போயிற்று. ஒருவகையில் நல்லது. வேலை நெஞ்சில் வைத்துக்கொண்டு குப்புறப் படுப்பதா என்று அவருக்கே ஒரு தயக்கம் இருந்தது.

படம் வந்தது பட்டறையிலிருந்து. பழைய வீடொன்றை இடித்தபோது வாங்கிய வேப்பங்கதவு ஒன்றைச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தபோது கணு ஒன்று வந்ததாம். கணுவைச் சுற்றி மரத்தின் வரி எப்படி ஒதுங்கி ஓடிப் பிறகு ஒன்று சேர்கிறது என்று அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். அன்றைக்கு நெஞ்சைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். தழும்பு ஒரு வரி. காம்பு இருந்த இடம் கணு. மற்ற வரிகள் அவற்றைச் சுற்றி ஓட வேண்டியவை. அந்தப் பலகைத் துண்டையே அறுத்துக் கடைக்குக் கொண்டுபோய், "தம்பி, இதைப் பாத்துக் கீறும்" என்று மேசையில் வைத்தார். அக்குளில் கணு எடுத்தார்கள், நெஞ்சில் கணு வைக்கிறேன் என்று எனக்குச் சொன்னார். வைத்தியரும் தச்சரும் ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அழகை விடுங்கள், தொழில் கணக்கிலும் இதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது. மரவரி கோணினாலும் மரவரிதான், தழும்பின் மேடு பள்ளம் அதில் பிழையாகத் தெரியாது. வரிக்கும் வரிக்கும் இடையே தோல் வெளியாக இருக்கும், வைத்தியர் கேட்டதும் அதுதான். கறுப்பு ஒன்றே போதும். எங்கள் நிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் எடுபடாது, சிவப்புக்கு ஒவ்வாமை அதிகம். இந்தக் கறுப்பு ஆறியபின் நீலம் கலந்த பச்சையாகத்தான் தெரியும். தோலுக்கடியில் இருக்கும் கரியை வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது. 'பச்சை' என்ற பெயரே அப்படி வந்ததாக இருக்கலாம். கிளிநொச்சிப் பக்கம் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஆச்சிமாரின் கைகளில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

2023 ஆனியில் முதலில் ஒரு சோதனைக் கோடு. ஒரு சென்ரிமீற்றர், தழும்பின் ஓரத்தில். எட்டுக் கிழமை காத்திருந்து, தடிக்கவில்லை என்று கண்டபிறகுதான் மற்றது. முதல் அமர்வு புரட்டாதியில், இரண்டாவது கார்த்திகையில், மூன்றாவது 2024 மாசியில். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருநாளும் போகவில்லை. நோவு விசித்திரமாக இருந்தது. அக்குள் பக்கம் நரம்பு அறுபட்டதால் ஒன்றும் தெரியவில்லை, நெஞ்செலும்பின் மேல் உயிர் போனது. தெரியாத பக்கம்தான் அபாயம் என்றார் தம்பி. நோகிறவர் கத்துவார், ஊசி ஆழம் போனால் கை நிற்கும். நோகாதவரில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் அவர் கை பாதி வேகத்தில் போனதை நான் பார்த்தேன்.

எல்லாம் சரியாக வரவில்லை. இரண்டாவது அமர்வில் நெஞ்செலும்புக்குக் கிட்ட, தோல் மெல்லிசாக இருந்த இடத்தில் மை பரவி ஒரு வரி மங்கிப்போனது. உடனே நிறுத்தினார்கள். மற்ற இடம் இரண்டு கிழமையில் ஆற, கதிர் பட்ட நடுப்பகுதி ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் பட்டறை இல்லை, மரத்தூள் புண்ணில் படக்கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச மனைவி ஆயத்தமாக இருந்தார். கொதித்தாறின தண்ணீரும் மணமில்லாத சவர்க்காரமும் மட்டும் என்று நான் மறித்தேன். வருமானம் போன கிழமைகளைப் பற்றி யோசிக்காமல் நான் நாள் குறித்தது இந்த நிகழ்வில் என் இரண்டாவது பிழை. நாட்கூலிக்காரருக்கு ஐந்து கிழமை என்பது சின்ன விசயம் இல்லை. மங்கின வரியைத் திருத்தித் தருவதாகத் தம்பி சொன்னார், மூன்றாவது அமர்வுக்குக் காசும் வாங்கவில்லை. இவர் திருத்த விடவில்லை. வேம்பில் அப்படி வரும் என்றார்.

மூன்று புள்ளிகள் பாக்கி. வரிகளுக்கு நடுவே அவை தனியாக, சம்பந்தமில்லாமல் நின்றன. "ஐயா, உளு துளைச்ச மாதிரி விட்டுடுவமோ? மரத்துக்குப் பொருந்தும்" என்று தம்பி கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "உளு எண்டு சொல்லாதையும் தம்பி. ஆணித்துளை எண்டு சொல்லும்" என்றார். உளு மரத்தைத் தின்னும். ஆணித்துளை என்றால் அந்த மரம் எங்கோ எதையோ தாங்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். இதை விளக்கியவர் பட்டறையில் அவரிடம் வேலை பழகும் பெடியன், பல மாதத்துக்குப் பிறகு. அவர் விளக்கவில்லை. மூன்று புள்ளிகளும் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றன.

2024 திருவிழாவில் நல்லூருக்குப் போனார். காலை ஐந்து மணிப் பூசைக்கு. வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கதிர் பட்ட தோலுக்கும் புதுப் பச்சைக்கும் வெயில் ஆகாது. பிரதட்டை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பண்ணவில்லை என்றார், மனைவியும் அதையே சொன்னார். வாசலில் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டபோது, தழும்புப் பக்கம் விழும்படிதான் போட்டிருக்கிறார். உள்ளே தீபம் காட்டும்போது கைகளை உயர்த்திக் கும்பிட வேண்டியிருந்தது, சேட்டு விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதென்ன கோலம் தம்பி?" என்று கேட்டார். "வேம்பு, ஐயா." "வேம்போ?" "ஓம். கணு விழுந்த வேம்பு." பெரியவர் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சாமியைப் பார்க்கத் திரும்பினாராம். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்ல என்னிடம் அன்றைக்கே வந்தார், சந்திப்பு நாளும் இல்லை.

எங்களுடைய பழைய கணக்கு இப்படி நிற்கிறது. கிணற்றடி: 2024 வைகாசியிலிருந்து, அதுவும் முதலில் இருட்டிய பிறகு, இப்போது பகலில். பட்டறை: ஓம். கேட்ட பெடியன்களிடம் நோயின் பெயரை முழுதாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவன் தன் தகப்பனின் நெஞ்சில் இருந்த ஒரு கட்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான், அது கொழுப்புக் கட்டி. கோயில்: ஓம். நித்திரை: நித்திரைக் குளிசை நிறுத்தி எட்டு மாதம்.

கீரிமலை மட்டும் இல்லை. 2024 ஆடி அமாவாசைக்கும் போகவில்லை, நல்லூர்க் கொடியேறுவதற்குச் சில நாள் முன்னதாக வந்த அமாவாசை அது. காரணம் கேட்டேன். நல்லூரில் ஆயிரம் பேர் நின்றாலும் அந்நியர், கீரிமலைக் கேணியில் மச்சான்மார். அந்நியனுக்கு வேம்பு என்று சொல்லிவிடலாம், சொந்தக்காரன் வேம்பென்றால் நம்பமாட்டான், மேலே கேட்பான். பச்சை இந்த இடத்தில் உதவவில்லை. உதவும் என்று நான் நினைத்ததும் இல்லை, ஆனால் ஒரு படம் எதுவரை போகும் என்பதற்கு இவ்வளவு துல்லியமான எல்லை கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. மச்சான்மாரோடு கதைப்பதற்கு ஊசியும் மையும் போதாது. அது நாங்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிற விசயம்.

போன கிளினிக்குக்கு நானும் போயிருந்தேன், வேறொரு நோயாளியோடு. அதே வாங்கு, அதே பெண்கள். புதிதாக வந்த வைத்தியர் ஒருவர் இவருடைய நெஞ்சை வரிவரியாகத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய குறிப்பை வாசித்துச் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாராம். வெளியே வந்தவர் வாங்கில் இருந்து குளிசைத் துண்டுக்குக் காத்திருந்தார். கொப்பி அவருடைய மடியில் இருந்தது. அக்கா வரவில்லையா என்று கேட்டேன். மிளகாய் காயப்போட்டிருக்கிறாவாம், மழை வரும் போலக் கிடக்கு, நிக்கச் சொல்லிட்டு வந்தனான் என்றார்.